கோடு இறங்கினால் நட்டமா? கோட்டு வரைபடத்தில் பிளஸும் மைனஸும் பளிச்சென்று தெரிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் அறிக்கைகளுக்கு வரைபடம் வரைவது என் வேலை. வார இறுதிகளில் சிங்கப்பூரில் உள்ள சில தமிழ் அமைப்புகளின் கணக்கறிக்கைக்கும் தொண்டூழியராக உதவுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மாதாந்தர வரவு செலவை நான் கோட்டு வரைபடமாகத் திரையில் காட்டினேன். அச்சு அடியில் −3,000 வெள்ளியில் (டாலரில்) தொடங்கி உச்சியில் 6,000 வெள்ளிவரை போனது. பூஜ்யம் எங்கே என்று தனியாகக் கோடு போடவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். “தம்பி, மார்ச்சுலேர்ந்து கோடு இறங்கிக்கிட்டே போகுதே, அத்தனை மாசமும் நட்டமா?” என்று கேட்டார். உண்மையில் இரண்டே மாதங்களில்தான் பற்றாக்குறை. மற்ற மாதங்களில் கையில் பணம் மிஞ்சியிருந்தது, முந்திய மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. அதை விளக்கப் பொருளாளருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. பெரியவர் கேட்டதில் தவறே இல்லை. வரைபடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பொருளாளர்களும் கடைக்காரர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன்.

கோடு கீழே இறங்கினால் எண் குறைந்துவிட்டது என்றுதானே பொருள்? இதில் என்ன குழப்பம்?

குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது ஒரு செய்தி. அது பூஜ்யத்துக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பது வேறொரு செய்தி. பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

சிங்கப்பூரின் பணவீக்கத்தை, அதாவது விலைவாசி முந்திய ஆண்டைவிட எத்தனை விழுக்காடு ஏறியது என்பதை, எடுத்துக்கொள்வோம். ஒட்டுமொத்தப் பணவீக்கம் 2014இல் 1.0 விழுக்காடு. 2015இலும் 2016இலும் −0.5. பிறகு 2017இல் 0.6, 2018இல் 0.4, 2019இல் 0.6. கொவிட் ஆண்டான 2020இல் −0.2. அதன்பின் 2021இல் 2.3, 2022இல் 6.1, 2023இல் 4.8, 2024இல் 2.4. இதைக் கோடாக வரைந்தால் 2022இல் ஒரு சிகரம் தெரியும். அங்கிருந்து கோடு மளமளவென்று இறங்கும்.

அந்த இறக்கத்தைப் பார்த்ததும் “விலைவாசி குறைஞ்சிடுச்சு” என்று சொல்வோரை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். குறையவில்லை. 2021இல் 100 வெள்ளிக்கு வாங்கிய பொருள்களுக்கு 2022இல் 106 வெள்ளி 10 காசு, 2023இல் ஏறத்தாழ 111 வெள்ளி, 2024இல் ஏறத்தாழ 114 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. ஏறும் வேகம் தணிந்தது, அவ்வளவுதான். ஆண்டுச் சராசரியில் விலை உண்மையாகவே இறங்கியது கோடு பூஜ்யத்துக்குக் கீழே போன 2015, 2016, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே. வரைபடத்தில் அந்த மூன்றும் சின்னப் பள்ளங்களாகத்தான் தெரியும். கண்ணை இழுப்பது 2022க்குப் பிறகான பெரிய சரிவு. பூஜ்யக் கோடு அழுத்தமாக இல்லாவிட்டால் வாசகர் அந்தச் சரிவையே விலை இறங்கிய காலமாக எடுத்துக்கொள்வார்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. “பணவீக்கம் குறைந்தது” என்ற தலைப்பை அவசரமாகப் படித்தால் “விலை குறைந்தது” என்றே மனத்தில் விழும். அதனால் என் தலைப்புகளில் “விலை ஏறும் வேகம் தணிந்தது” என்று எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் படித்ததில்லை.

மக்கள்தொகையிலும் இதே கதை. 2021 ஜூனில் மொத்த மக்கள்தொகை முந்திய ஆண்டைவிட 4.1 விழுக்காடு சரிந்தது. 2022இல் 3.4, 2023இல் 5.0, 2024இல் 2.0 விழுக்காடு வளர்ந்தது. 2023இலிருந்து 2024க்குக் கோடு கீழே வருகிறது. ஆனால் அந்த 2024இல்தான் மக்கள்தொகை 6 மில்லியனைத் தாண்டியது.

பூஜ்யக் கோட்டை எவ்வளவு அழுத்தமாகப் போடுவது?

மற்ற வழிகாட்டிக் கோடுகளைவிடத் தெளிவாக, எண்களை இணைக்கும் தரவுக் கோட்டைவிட மெலிதாக. நான் பின்பற்றும் அளவு: தரவுக் கோடு 2.25 புள்ளி, பூஜ்யக் கோடு 1.25 புள்ளி கருஞ்சாம்பல், மற்ற கிடைக்கோடுகள் 0.5 புள்ளி வெளிர்சாம்பல். பல நேரம் அந்த மற்ற கோடுகளை முழுக்க எடுத்தே விடுகிறேன். எக்செல் எல்லாக் கிடைக்கோட்டையும் ஒரே சாம்பலில், ஒரே தடிப்பில் போட்டுத் தருகிறது. 4 விழுக்காட்டுக் கோடும் பூஜ்யக் கோடும் ஒன்றுபோல இருந்தால் வாசகர் அச்சில் எண்ணைத் தேடிப் பிடித்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதோடு நிறுத்த வேண்டாம். கோட்டுக்கு மேலே “விலை உயர்ந்த ஆண்டுகள்” என்றும், கீழே “விலை இறங்கிய ஆண்டுகள்” என்றும் படத்துக்குள்ளேயே சிறிய எழுத்தில் எழுதுங்கள். கணக்கறிக்கை என்றால் மேலே “மிச்சம்”, கீழே “பற்றாக்குறை”. இந்த இரண்டு சொற்கள் செய்யும் வேலையை எந்த நிறமும் செய்யாது. ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எக்செலில் மாதப் பெயர்கள் படத்தின் நடுவில் வந்து கோட்டோடு மோதுகின்றன. என்ன செய்வது?

கிடை அச்சு பூஜ்யத்தில் வெட்டுகிறது, அச்சின் பெயர்கள் அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எதிர் (மைனஸ்) எண்கள் வந்ததும் கோடு அந்த எழுத்துகளின் மேலேயே ஓடும். மாதப் பெயர் ஒன்றின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ஃபார்மேட் ஆக்சிஸ்’ திறந்து, ‘லேபிள்ஸ்’ பகுதியில் ‘லேபிள் பொசிஷன்’ என்பதை ‘லோ’ என்று மாற்றுங்கள். பெயர்கள் படத்தின் அடிக்குப் போய்விடும், அச்சுக் கோடு பூஜ்யத்திலேயே இருக்கும்.

சிலர் இதற்காக அச்சையே −3,000க்கு இறக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பூஜ்யக் கோடு மறைந்துபோகும். என் பொதுக்கூட்ட வரைபடத்தில் நடந்தது அதுவே.

மேலே பச்சை, கீழே சிவப்பு. எல்லாருக்கும் புரியும்தானே?

எல்லாருக்கும் புரியாது. மூன்று காரணங்கள் உண்டு.

சிவப்பு-பச்சை வேறுபாட்டைச் சரியாகக் காண முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். வடஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் இது 8 விழுக்காட்டுக்கு அருகில். ஆசியர்களிடம் அதைவிடக் குறைவு என்றாலும், ஐம்பது பேர் கூடிய மண்டபத்தில் ஓரிருவர் இருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது இந்த ஊருக்கே உரியது. சீனாவிலும் தைவானிலும் பங்கு விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. ஹாங்காங்கில் அது தலைகீழ். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தைத் திரைகளில் பச்சைதான் ஏற்றத்துக்கு வழக்கம். ஆனால் பக்கத்து மேசைச் சக ஊழியர் ஷாங்ஹாய் சந்தையைத் தினமும் பார்ப்பவராக இருந்தால் அவர் கண்ணில் சிவப்பு லாபமாகத்தான் படும். நமக்குமே குங்குமச் சிவப்பு மங்கலம். சிவப்பை ஆபத்தாகப் படிப்பது கணக்கேட்டிலிருந்தும் போக்குவரத்து விளக்கிலிருந்தும் வந்த பழக்கம்.

மூன்றாவது, எதிர் எண் எப்போதும் கெட்டதல்ல. வீட்டு மின்கட்டணம் போன ஆண்டைவிட 12 விழுக்காடு இறங்கினால் அது மைனஸ் 12, ஆனால் நல்ல செய்தி. அதைச் சிவப்பில் வரைந்தால் பார்ப்பவர் பதறுவார்.

நான் நீலமும் செம்மஞ்சளும் வைக்கிறேன். ஒகாபே, இட்டோ என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் பிரித்துத் தெரியும்படி ஒரு நிறவரிசையை அமைத்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளாகச் சொன்னால், அதில் நீலம் 0, 114, 178. செம்மஞ்சள் 213, 94, 0. எக்செலில் ‘மோர் கலர்ஸ்’ பெட்டியில் இந்த மூன்று மூன்று எண்களை இட்டால் போதும்.

கோட்டுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே நிறம் நிரப்பினால் நன்றாக இருக்குமா?

மிக நன்றாக இருக்கும். ஒரே தரவுக் கோடு இருக்கும்போது நான் முதலில் முயல்வது இதைத்தான். இது புதிதும் அல்ல. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வரைபடங்களில், 1700 முதல் 1780 வரை டென்மார்க், நார்வே நாடுகளோடு இங்கிலாந்து செய்த ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரண்டு கோடுகளாக வரைந்து, இடையில் உள்ள பரப்புக்கு நிறம் கொடுத்தார். 1750களில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதுவரை இங்கிலாந்துக்குப் பாதகம், பிறகு சாதகம் என்று அந்தப் பரப்புகளுக்குள்ளேயே எழுதினார். கணினி இல்லாத காலத்தில் செப்புத்தகட்டில் செதுக்கிய அந்தப் படம் இன்றும் ஒரே பார்வையில் புரிகிறது.

எக்செலில் இதைச் செய்ய இரண்டு துணை நெடுவரிசைகள் வேண்டும். ஒன்றில் மேக்ஸ் ஃபார்முலாவால் எண்ணையும் பூஜ்யத்தையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுங்கள். அடுத்ததில் மின் ஃபார்முலாவால் சிறியதை எடுங்கள். முதலாவது நேர் எண்களை மட்டும் வைத்துக்கொள்ளும், இரண்டாவது எதிர் எண்களை மட்டும். இரண்டையும் ‘ஏரியா’ வகையிலும், மூல எண்ணைக் கோடாகவும் ஒரே படத்தில் போடுங்கள்.

பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் நிறம் கோட்டோடு பொருந்தாது. காரணம் எளிது. 2014இல் 1.0, 2015இல் −0.5. தரவுக் கோடு இந்த இரு புள்ளிகளையும் நேராக இணைக்கிறது. ஆனால் நேர்ப்பரப்பு 1.0இலிருந்து 2015இன் பூஜ்யத்துக்குச் சாய்கிறது. எதிர்ப்பரப்பு 2014இன் பூஜ்யத்திலிருந்தே கீழிறங்கத் தொடங்குகிறது. ஒரே இடைவெளியில் மேலும் நிறம், கீழும் நிறம். பார்ப்பவருக்கு அந்த ஆண்டில் இரண்டும் நடந்ததுபோல் தோன்றும்.

கோடு பூஜ்யத்தை வெட்டும் இடத்தில் ஒரு கூடுதல் வரிசையைச் சேர்த்தால் சரியாகிவிடும். முதல் எண்ணை, முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 1.0ஐ 1.5ஆல் வகுத்தால் 0.667. அதாவது இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு தூரம். 2014 ஜனவரி 1இலிருந்து 365 நாளில் மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 243 நாள், எனவே 2014 செப்டம்பர் 1. அந்தத் தேதியில் பூஜ்யம் என்று ஒரு வரிசை சேர்த்து, அச்சை ‘டேட் ஆக்சிஸ்’ என்று வைத்தால் நிறம் கோட்டோடு கச்சிதமாகப் பொருந்தும். ‘டெக்ஸ்ட் ஆக்சிஸ்’ என்று இருந்தால் புதிய வரிசையும் ஓர் ஆண்டுபோல் சம இடம் பிடித்துக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும்.

இந்த செப்டம்பர் 1 வரைவதற்கான புள்ளி மட்டுமே. அன்றுதான் பணவீக்கம் எதிரானது என்று படவிளக்கத்தில் எழுதிவிடாதீர்கள். ஆண்டுச் சராசரிக்கு நடுவில் எந்த நாளும் இல்லை.

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு வேலை எளிது. அதன் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் ‘ஃபில் பிட்வீன்’ கட்டளையை நேருக்கு ஒருமுறை, எதிருக்கு ஒருமுறை கொடுத்து, ‘இன்டர்போலேட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் வெட்டும் இடத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அதை மறந்தால் எக்செலில் வந்ததுபோலவே கடக்கும் இடத்தில் நிறம் சரியாகப் பொருந்தாது.

நிறம் நிரப்பாமல், கோடே மேலே ஒரு நிறமாகவும் கீழே ஒரு நிறமாகவும் மாறினால்?

எக்செலில் நெடும்பட்டைகளுக்கு எதிர் எண்ணானால் நிறம் மாற்றும் வசதி உண்டு. கோட்டுக்கு அது இல்லை. ஒரே கோட்டில் நிறத்தை மாற்றும் ‘கிரேடியன்ட் லைன்’ வைத்துச் சமாளிக்கலாம். கோணம் 90 பாகை, பூஜ்யம் வரும் உயரத்தில் இரண்டு நிறங்களின் நிறுத்தங்களையும் (‘ஸ்டாப்’) ஒரே இடத்தில் வையுங்கள். அந்த உயரம் மேலிருந்து எத்தனை விழுக்காடு என்பதற்கு, மிகப்பெரிய எண்ணை மிகப்பெரியதற்கும் மிகச்சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன பணவீக்கத்துக்கு 6.1ஐ 6.6ஆல் வகுத்தால் 0.924, அதாவது 92.4 விழுக்காடு. அடுத்த மாதம் புதிய எண் வந்து உச்சமோ அடியோ மாறினால் இதையும் கையால் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் பூஜ்யத்துக்கு மேலேயோ கீழேயோ நிறம் மாறி, படம் தவறான செய்தி சொல்லும். மாதாமாதம் புதுப்பிக்கும் படத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

‘ஸ்மூத்டு லைன்’ போட்டால் அழகாக வளைகிறதே?

வேண்டாம். வளைவுக்காக எக்செல் புள்ளிகளுக்கு இடையே கோட்டைக் கூடுதலாக மேலோ கீழோ தள்ளுகிறது. எல்லா எண்ணும் பூஜ்யத்திலோ அதற்கு மேலோ இருந்தாலும் கோடு பூஜ்யத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கும். இல்லாத நட்டத்தைப் படத்தில் காட்டிவிடும்.

ஒரு மாதக் கணக்கு கிடைக்கவில்லை. அந்த இடத்தில் கோடு பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது!

பூஜ்யம் பொருள் தரும் எண்ணாக இருக்கும் படத்தில் இது பெரும் பிழை. “கணக்கு இல்லை” என்பது “வரவும் செலவும் சமம்” என்று மாறிவிடுகிறது. ‘செலக்ட் டேட்டா’வில் ‘ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ்’ திறந்து ‘கேப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடு அந்த இடத்தில் விட்டுப்போகும். அதுதான் நேர்மை.

அப்போதும் விழுகிறது என்றால், அந்தக் கட்டம் உண்மையில் காலியாக இல்லை. ஃபார்முலா ஒன்று வெற்று மேற்கோள்குறியைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். எக்செல் அதை எழுத்து என்று எடுத்துப் பூஜ்யமாக வரைகிறது. அங்கே, ‘எண் இல்லை’ என்று எக்செலுக்குச் சொல்லும் என்ஏ ஃபார்முலாவை வையுங்கள்.

பூஜ்யம் படத்தின் நடுவில் வரவேண்டுமா?

எண்களைப் பொறுத்தது. −0.5இலிருந்து 6.1வரை போகும் பணவீக்கத்துக்கு −7 முதல் +7 வரை அச்சு போட்டால் பாதிப் படம் வெறுமையாகக் கிடக்கும். அதற்கு −1 முதல் 7 போதும். இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஆடும் தரவு என்றால் நடுவில் வைப்பது நல்லது, ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண் நியாயமாக எடைபோடும். பல படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு கட்டாயம். ஒரு கிளையின் −200 வெள்ளியும் இன்னொரு கிளையின் −2,000 வெள்ளியும் ஒரே ஆழத்தில் தெரிந்தால் யாருக்கு என்ன பயன்?

எல்லா எண்ணும் நேர் எண்தான். அப்போதும் பூஜ்யத்தைக் காட்ட வேண்டுமா?

கோட்டு வரைபடத்தின் அச்சு எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இல்லை. சிங்கப்பூர் வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்பதை வரையும்போது பூஜ்யத்தைக் கொண்டுவந்தால் மாற்றமே தெரியாமல் கோடு தட்டையாகிவிடும். ஆனால் வளர்ச்சி விகிதம், மிச்சம், வித்தியாசம் போன்றவற்றில் வாசகர் மனத்தில் எழும் முதல் கேள்வியே “பிளஸா, மைனஸா?” என்பதுதான். அங்கே பூஜ்யம் படத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 2.4 என்ற எண் படத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்க, பார்ப்பவர் அதையே தரைமட்டமாக நினைப்பார்.

எப்போதும் பூஜ்யம்தான் பிரிக்கும் கோடா?

இல்லை. தேக்கா பக்கம் மளிகையும் உறைந்த மீனும் விற்கும் ஒரு நண்பர் தம் உறைபெட்டியின் வெப்பநிலைப் பதிவைக் கோடாகப் போட்டுக்கொண்டு வந்தார். பூஜ்யத்தில் தடித்த கோடு போட்டிருந்தார். எல்லா எண்ணும் அதற்குக் கீழே, பார்த்தால் எந்தக் குறையும் இல்லாதது போல. ஆனால் உறைந்த உணவை −18 பாகை செல்சியசிலோ அதைவிடக் குளிராகவோ வைக்க வேண்டும். −12க்கு ஏறிய இரண்டு பிற்பகல்கள் அந்தப் படத்தில் கண்ணில் படவே இல்லை. பூஜ்யக் கோட்டை எடுத்துவிட்டு −18இல் கோடு போட்டோம். அதற்கு மேலே “கதவு, மோட்டார் பார்க்கவும்” என்றும், கீழே “சரி” என்றும் எழுதினோம். கடைப் பையன் இப்போது எண்ணைப் படிக்காமலே புரிந்துகொள்கிறான். −12 என்பது −18ஐவிடப் பெரிய எண் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

காற்றின் வெப்பநிலைக்கும் அப்படித்தான். சிங்கப்பூரில் 0 பாகை செல்சியஸ் என்பதற்கு அன்றாட வாழ்வில் பொருளே இல்லை. ஆனால் 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுச் சராசரியான 27.8 பாகையை அடிக்கோடாக வைத்து வித்தியாசத்தை வரைந்தால் ஒவ்வோர் ஆண்டும் பிளஸாகவோ மைனஸாகவோ பேசத் தொடங்கும். 2016, 2019, 2024 மூன்றும் 28.4, அதாவது +0.6. இப்படி வரையும்போது எந்த ஆண்டுகளின் சராசரி என்பதைப் படத்திலேயே எழுதுங்கள். அடிக்கோடு மாறினால் பிளஸ் மைனஸாகவும் மாறலாம்.

இடப்பக்கம் விழுக்காடு, வலப்பக்கம் வெள்ளி என்று இரண்டு அச்சு வைக்கலாமா?

என் பதில்: இரண்டு படமாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். முடியவே முடியாது என்றால் இரண்டு பூஜ்யமும் ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். எக்செல் தானாக அதைச் செய்யாது. இடப்பக்கம் −2 முதல் 8 என்றால் வலப்பக்கம் −500 முதல் 2,000. இரண்டிலும் கீழ்ப்பகுதிக்கும் மேல்பகுதிக்கும் விகிதம் ஒன்றுக்கு நான்கு. அந்த விகிதம் ஒத்துப்போனால் பூஜ்யமும் ஒத்துப்போகும். பூஜ்யம் இரண்டு உயரத்தில் இருக்கும் படம், லாபத்தை நட்டமாகவும் நட்டத்தை லாபமாகவும் காட்டும்.

பொருளியல் சுருங்கியதை வரையும்போது எந்த எண்ணை எடுப்பது? இரண்டு எண் சொல்கிறார்களே.

2020 ஜூலை 14இல் வர்த்தக, தொழில் அமைச்சு அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டுப் பொருளியல் வளர்ச்சிக்கான முன்மதிப்பீட்டை வெளியிட்டது. முந்திய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால் −12.6 விழுக்காடு. முந்திய காலாண்டோடு ஒப்பிட்டு ஆண்டுக் கணக்கிற்கு மாற்றினால் −41.2 விழுக்காடு. இரண்டும் சரியான எண்கள். ஆனால் −41.2ஐக் கோட்டில் பார்த்தவர்கள் நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது என்று பயந்தார்கள். அதே வேகத்தில் நான்கு காலாண்டுகள் தொடர்ந்து சுருங்கினால் அவ்வளவு ஆகும் என்பதே அதன் பொருள். அந்த ஒரு காலாண்டின் சுருக்கம் ஏறத்தாழ 12 விழுக்காடுதான்.

எதிர் எண் பெரிதாக இருக்கும்போது எதோடு எதை ஒப்பிட்டது என்பது படத்தின் துணைத்தலைப்பில் இருந்தே ஆக வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை. இரண்டு வகை எண்ணையும் ஒரே கோட்டில் கலப்பது மன்னிக்க முடியாத தவறு. மாணவர் ஒப்படைப்புகளில் அதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆண்டுக்கு ஓர் எண் மட்டும் இருந்து, அவையும் பத்துக்குள் அடங்கினால் கோட்டைவிட நெடும்பட்டை நல்லது. பூஜ்யத்திலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று. குழப்பத்துக்கு இடமே இல்லை. மாதக் கணக்கு, நாள் கணக்கு என்று எண்கள் பெருகும்போதுதான் கோடு வேண்டும்.

மைனஸ் குறியை எப்படி எழுதுவது? கணக்காளர் அடைப்புக்குறி போடுகிறார்.

கணக்காளர்களுக்குள் (1,800) என்றால் மைனஸ் 1,800. சங்க உறுப்பினர்களுக்கு அது வெறும் அடைப்புக்குறி. பொதுமக்கள் பார்க்கும் படத்தில் −1,800 என்றே போடுங்கள். விசைப்பலகையில் உள்ள சிறுகோட்டைவிட நீளமான கழித்தல் குறியைப் பயன்படுத்துங்கள், தூரத்திலிருந்தும் தெரியும். நேர் எண்ணுக்கும் + போட விரும்பினால் எண் வடிவத்தில் +0.0;−0.0;0.0 என்று கொடுங்கள். வளர்ச்சி விகிதத்துக்கு + போடுவது உதவுகிறது. வெள்ளித் தொகைக்கு அவ்வளவாகத் தேவையில்லை.

−0.04 போன்ற எண் ஒரு தசமத்துக்குச் சுருங்கும்போது சில மென்பொருளில் −0.0 என்று வந்து நிற்கும். அதை அப்படியே விடாதீர்கள். இன்னொரு தசமம் சேருங்கள், அல்லது “மாற்றம் இல்லை” என்று எழுதுங்கள்.

தமிழில் எழுதினால் அச்சுப் பெயர்கள் சரியாக வருவதில்லையே?

செங்குத்து அச்சின் தலைப்பை எழுத்தெழுத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வசதியைத் தமிழுக்குப் பயன்படுத்தவே கூடாது. ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்துபோகும் ஆபத்து உண்டு. 90 பாகை திருப்பினால் எழுத்து சரியாக இருக்கும், ஆனால் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க முடியும். தலைப்பைப் படத்தின் இடது மேல்மூலையில் கிடையாகவே எழுதிவிடுங்கள்: “மாத மிச்சம், வெள்ளியில்”. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பாதிப் பேர் இதை வாட்ஸ்அப்பில் கைப்பேசித் திரையில்தான் பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்து கிளைகளின் கோடும் ஒரே படத்தில் வேண்டும் என்கிறார் தலைவர்.

ஐந்து கோடுகள் பூஜ்யத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டால் எது மேலே எது கீழே என்று யாராலும் சொல்ல முடியாது. நிறம் நிரப்பவும் வழியில்லை. ஐந்து சின்னப் படங்களாக, ஒரே அச்சில், ஒவ்வொன்றிலும் பூஜ்யக் கோட்டோடு வரைந்து ஒரே தாளில் கொடுங்கள். தலைவர் ஒரே படம்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றால், பேச்சுக்குரிய ஒரு கிளையை மட்டும் நிறத்திலும் மற்ற நான்கைச் சாம்பலிலும் போடுங்கள். கோட்டின் வலது முனையிலேயே பெயரை எழுதுங்கள்.

கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துத்தான் கொடுக்கப்போகிறோம்.

அப்படியானால் முதலிலிருந்தே நிறத்தை நம்பாமல் வரையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே உள்ள பரப்புக்கு அடர்சாம்பல், மேலே வெளிர்சாம்பல். பற்றாக்குறை மாதங்களின் எண்ணைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மற்ற மாதங்களுக்கு எண் வேண்டாம். நகலெடுக்கும் இயந்திரத்தில் மெல்லிய சாம்பல் கோடுகள் காணாமல் போகும், ஆகவே பூஜ்யக் கோட்டை முழுக் கறுப்பாக வையுங்கள்.

வரைந்தது புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்கில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கூட்டத்துக்கு முன்பே காட்டுங்கள். நான் பெரும்பாலும் அம்மாவிடம் காட்டுகிறேன். விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று கேள்வி கேட்பேன். எந்தெந்த மாதம் கையைவிட்டுப் போட்டோம்? மோசமான மாதம் எது? கோடு இறங்கியும் பணம் மிஞ்சிய மாதம் ஒன்றைக் காட்ட முடியுமா? முதல் இரண்டுக்கும் விரல் சட்டென்று சரியான இடத்துக்குப் போய்விடும். மூன்றாவதில் விரல் தயங்கினால் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், பூஜ்யக் கோட்டையும் அதன் மேல் கீழ் எழுதிய சொற்களையும் மறுபடி பார்ப்பேன்.